ஒரு ஸ்பூன் பனி போதும் பாஸ்!

வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. ஃபேனைப் போட்டா அனல் காத்து. அதனால இந்த வாரம் மைனஸ் 20 டிகிரிக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். ஸ்வெட்டர் வேண்டாம், ஸ்பேனர் எடுத்துக்கிட்டா போதும்.

ஸ்னோமொபைல் பார்த்திருக்கீங்களா? இங்கிலீஷ் படத்துல பனிமலையில ஹீரோவைத் துரத்த வில்லனோட ஆளுங்க வருவாங்களே, அந்த வண்டி. குல்மார்க் டூர் போனவங்க காசு கொடுத்து ஒரு ரவுண்டு போயிருப்பீங்க. பைக் மாதிரி சீட்டு, பைக் மாதிரி ஹேண்டில்பார். ஆனா முன்னால சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு ஸ்கீ, பின்னால டாங்கிக்கு இருக்கிற மாதிரி சுத்துற ஒரு பட்டை. அதுக்குப் பேர் டிராக். இரும்பு இல்லை, ரப்பர்.

நாம பார்க்கப் போறது அந்த டிராக்குக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டையைப் பத்தி. உங்க பைக்ல பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம் மேல, செயின் உரசாம இருக்க ஒரு பட்டை இருக்கும். மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டா காட்டுவார். செயின் லூஸா இருந்தா மொதல்ல தேயறது அதுதான். கிட்டத்தட்ட அதே வேலையை, அதைவிடப் பல மடங்கு சுமையோட செய்யறதுதான் ஸ்னோமொபைல் ஸ்லைடர். வட அமெரிக்க மெக்கானிக்குகள் 'ஹைஃபாக்ஸ்'னு கூப்பிடுவாங்க.

டிராக்கோட உள்பக்கம் நீளவாக்குல ரெண்டு அலுமினிய ரெயில் இருக்கு. வண்டி வெயிட்டு, ஓட்டுறவர் வெயிட்டு, பின்னால கட்டின மூட்டை எல்லாத்துலயும் பெரும்பங்கு இந்த ரெயில் வழியாத்தான் டிராக்குக்கு இறங்குது. ரெயில் அப்படியே நிக்கும், டிராக் அதுக்குக் கீழே ஓடிக்கிட்டே இருக்கும். அலுமினியம் நேரா உரசினா ஒரே நாள்ல கதை முடிஞ்சிடும்ங்கிறதால, ரெயிலோட அடிவிளிம்புல நீளமா பிளாஸ்டிக் ஸ்லைடரைச் சொருகியிருப்பாங்க. டிராக் பக்கம் வரிசையா ஸ்டீல் கிளிப்புகள். ஸ்டீல் மேல பிளாஸ்டிக் வழுக்கிக்கிட்டே போகும். நடுவுல சில சின்னச் சக்கரங்களும் உண்டு, போகி வீல்னு பேர். ஆரம்பகால வண்டிகள்ல முழுக்க முழுக்க இந்தச் சக்கரங்கள்தான் இருந்துச்சு. அப்புறம்தான் வழுக்குற ரெயில் வந்துச்சு. டிராக் அதோட முழு நீளத்துக்கும் தரையில சீரா அழுந்தினதால எல்லோருக்கும் அது பிடிச்சுப்போச்சு.

சரி, கிரீஸ் எங்கே? எண்ணெய் எங்கே? ரெண்டு பொருள் உரசினா லூப்ரிகேஷன் வேணும்னு முதல் வருஷமே படிச்சோமே! இங்கே அந்த வேலையைப் பார்க்கறது பனிதான். டிராக் பனியைக் கிளறி உள்ளே வீசுது. ஸ்லைடர் மேல விழுந்த பனி உரசல் சூட்டுல உருகித் தண்ணியாகுது. அந்தத் தண்ணிப் படலம் மேலதான் ஸ்லைடர் வழுக்குது. அதே தண்ணி சூட்டையும் வாங்கிக்கிட்டுப் போயிடுது. லூப்ரிகன்டும் இலவசம், கூலன்டும் இலவசம். என்னைக் கேட்டா, இவ்வளவு நைசான டிசைன் நம்ம சிலபஸ்ல ஒண்ணுகூட இல்லை.

பிரச்னை எங்கே வருதுன்னா, பனி இல்லாத இடத்துல. உறைஞ்ச ஏரி மேல வழவழன்னு ஐஸ் மட்டும் இருக்கும், தூள் பனி இருக்காது. நிறைய வண்டி போய்ப் போய் அமுங்கி, கல்லு மாதிரி இறுகின பாதையும் அப்படித்தான். டிராக் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளே ஒண்ணும் வராது. அப்போ என்ன ஆகும்? கால்குலேட்டரை எடுங்க.

ஸ்லைடர்கள் மேல மொத்தம் 1500 நியூட்டன் சுமைன்னு வச்சுக்குவோம். காய்ஞ்ச உராய்வுக் கெழு 0.2. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டர். மூணையும் பெருக்கினா சுமார் 5000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி 1000 வாட்னா, அஞ்சு இஸ்திரிப் பெட்டி ஃபுல்லா எரியற சூடு. சுமையும் உராய்வும் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்கள்தான், வண்டிக்கு வண்டி மாறும். ஆனா எவ்வளவு சூடுன்னு ஒரு ஐடியா கிடைச்சிடுச்சு இல்லையா?

இந்தச் சூட்டை வாங்கிக்கிற ஆள் யாரு? யூ.ஹெச்.எம்.டபிள்யூ. பாலிஎதிலீன்ங்கிற பிளாஸ்டிக். பேரு பயங்கரமா இருந்தாலும் நம்ம கேரி பேக்குக்கு தூரத்துச் சொந்தம்தான். மூலக்கூறு சங்கிலி மட்டும் ரொம்ப ரொம்ப நீளம், அதனால தேய்மானத்தைத் தாங்குறதுல கில்லாடி. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்லகூட இந்த வகைப் பிளாஸ்டிக்கைத்தான் வைக்கறாங்க. ஆனா வெப்பம்னு வந்தா சப்பை. சுமார் 135 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், அதுக்கு ரொம்ப முன்னாடியே இளக ஆரம்பிச்சுடும். வெப்பத்தைக் கடத்தவும் தெரியாது. உரசுற இடத்துல உண்டான சூடு அங்கேயே தேங்கி நிக்கும்.

இப்ப அதே கணக்கைத் திருப்பிப் போடுங்க. ஒரு கிலோ பனி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேணும். நம்ம 5 கிலோவாட்டை இதால வகுத்தா வினாடிக்கு 15 கிராம். ஒரு பெரிய ஸ்பூன் அளவு! வினாடிக்கு ஒரு ஸ்பூன் பனி சரியான இடத்துல விழுந்தா அஞ்சு இஸ்திரிப் பெட்டியும் ஆஃப். இன்னும் ஒரு போனஸ் உண்டு. தண்ணிப் படலம் வந்ததும் உராய்வே குறைஞ்சிடும், அப்போ ஒரு ஸ்பூன்கூட வேண்டியிருக்காது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரைப் பார்த்து பயப்படுறவங்க இந்த ரெண்டு வரிக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க, பாடம் கொஞ்சம் அன்பாத் தெரியும்.

'ஒரு பிளாஸ்டிக் தேயறதுக்கா இவ்வளவு பில்டப்பு?'ன்னு நீங்க நினைக்கறது கேட்குது. சூடான ஸ்லைடர் லேசா உருகி ஸ்டீல் கிளிப்புகள்ல அப்பிக்கும். வண்டி ஓடுற வரைக்கும் பெருசா தெரியாது. ஃபோட்டோ எடுக்கலாம்னு ஏரி நடுவுல நிறுத்தினீங்கன்னா, உருகின பிளாஸ்டிக் ஆறி இறுகி, டிராக்கும் ஸ்லைடரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்ணினா டிராக் நகராது. இன்னொரு கொடுமையும் உண்டு. தண்ணியால குளிர்ற எஞ்சின் வச்ச பல வண்டிகள்ல ரேடியேட்டர் வேலையைப் பார்க்கற ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிராக்குக்கு மேலேதான் இருக்கு. அதைக் குளிர வைக்கறதும் டிராக் வீசுற அதே பனிதான். பனி வரலைன்னா ஸ்லைடரும் சுடும், எஞ்சினும் சுடும்.

நம்ம ஊர்ல வண்டி நின்னா தள்ளிக்கிட்டுப் போய் டீக்கடையில உட்காரலாம். மைனஸ் 20-ல் பக்கத்து வீடே பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தா? கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வடக்குக் கோடியில் நுனாவிக் என்று ஒரு பகுதி இருக்கிறது. இனுவிட் மக்களின் 14 கிராமங்கள். ஒரு கிராமத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ரோடு கிடையாது, தெற்கே போகவும் ரோடு கிடையாது. குளிர்காலத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் கிளம்புகிறவருக்கு ஸ்னோமொபைல்தான் கால். அங்கே ஸ்லைடர் என்பது ஸ்பேர் பார்ட்ஸ் கடை சமாச்சாரம் மட்டும் இல்லை.

இந்த வண்டி பிறந்த கதையே அப்படித்தான். கியூபெக்கில் வால்கோர்ட் என்கிற சின்ன ஊர். ஜோசஃப் அர்மாண்ட் பாம்பார்டியர் அங்கே ஒரு மெக்கானிக். 15 வயதிலேயே, 1922-ல், பழைய ஃபோர்டு கார் எஞ்சினை வைத்துப் பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்து பார்த்தவர். 1934-ஆம் வருடக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவானுக்கு வயிற்றில் கடுமையான தொற்று. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரி சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில். ரோடு முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. பட்டறையில் அவர் செய்துகொண்டிருந்த வண்டி ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துபோனான். அதற்குப் பிறகு அந்த மனிதர் நிறுத்தவில்லை. ரப்பர் பூசிய பல்சக்கரமும் அதோடு சேர்ந்து சுழலும் டிராக்கும் கொண்ட அமைப்புக்கு 1937-ல் பேட்டன்ட் வாங்கினார். ஏழு பேர் உட்காரும் பி-7 வண்டி வந்தது. டாக்டர்களும் தபால்காரர்களும் அவருடைய வண்டிகளில் போனார்கள். 1959-ல் வந்த ஸ்கீ-டூ, இன்று நாம் பார்க்கிற பைக் டைப் ஸ்னோமொபைலுக்கு மூத்த அண்ணன். பாம்பார்டியர் 1964-ல் காலமானார்.

சரி, பட்டறைக்கு வருவோம்.

டிராக்கைத் தரையில விரிச்சுப் பாருங்க. ரெண்டு ஸ்லைடர் ஓடுற பாதையை ஒட்டி வரிசையா சதுர ஜன்னல்கள். பனி உள்ளே வர்ற வாசல் அதுதான். கிளிப்பை மாட்டுறதும் அந்த ஜன்னல் விளிம்புலதான். ஆனா எல்லா டிராக்லயும் எல்லா ஜன்னலும் திறந்திருக்காது. சில டிராக்ல மூணுக்கு ஒண்ணுதான் திறந்திருக்கும், மிச்சம் ரப்பராலயே மூடியிருக்கும். ஆழமான தூள் பனியில ஓடுறதுக்குச் செஞ்ச டிராக்குக்கு அது போதும், சுத்தியும் பனிதானே! அதே டிராக்கை இறுகின பாதையில ஓட்டினாதான் ஸ்லைடர் கதறும். அங்கே ஆர்வக்கோளாறு பார்ட்டிங்க வீட்டு கராஜ்லயே செய்யற வேலை, மூடின ஜன்னல்களைத் துளை போட்டுத் திறந்து விடுறது.

எப்படி? டிரில் பிட்டை வச்சு ரப்பர்ல துளை போட்டுப் பாருங்க. கிழியும், பிசிறும், பிட்டைப் பிடிச்சுக்கிட்டு முறுக்கும். மரத்துக்குப் போடுற பல் வச்ச ஹோல் சாவும் ரப்பர்ல திணறும். வழி நம்ம கெமிஸ்ட்ரி லேப்லயே இருக்கு. ரப்பர் கார்க்ல துளை போட கார்க் போரர் கொடுப்பாங்களே, ஒரு முனை கூரான பித்தளைக் குழாய்? அதையே பெருசா, ஸ்டீல் பைப்ல செஞ்சுக்கணும். பைப்பை லேத்துல மாட்டி, வெளிப்பக்கத்தைச் சரிச்சு முனையைக் கத்தி மாதிரி கூராக்கினா கருவி ரெடி. டிரில்லிங் மெஷின்ல மாட்டி, மெதுவான வேகத்துல, சோப்புத் தண்ணி விட்டுக்கிட்டே அழுத்தினா வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கும். பின்னாடி ஒரு மரக்கட்டை கண்டிப்பா வேணும், இல்லைன்னா கடைசி ரெண்டு மில்லிமீட்டர்ல ரப்பர் பிதுங்கிக் கோணலா வெட்டும். டிராக்கை வண்டியிலிருந்து கழட்டிச் செய்யறதுதான் சுத்தமான வேலை. சோம்பேறித்தனம் பட்டு வண்டியிலயே வச்சு செய்யறவங்க சாவியை எடுத்துட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தி, டிராக்கைக் கையாலதான் சுத்தணும்.

இனிமேதான் முக்கியமான மேட்டர். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது?

டிராக்ங்கிறது வெறும் ரப்பர் இல்லை. குறுக்குவாக்குல ஒவ்வொரு பிட்ச்சுக்கும் ஒரு ஃபைபர் கிளாஸ் கம்பி உள்ளே புதைஞ்சிருக்கு. நீளவாக்குல இழுவையைத் தாங்குற நூல்கள் ஓடுது. கம்பியை வெட்டினா அந்த இடம் தொளதொளன்னு ஆயிடும். நூலை வெட்டினா அங்கிருந்து டிராக் கிழிய ஆரம்பிக்கும். ஆனா கொஞ்சம் யோசிங்க. ஏற்கெனவே திறந்திருக்கிற ஜன்னல் வழியா எந்த நூலும் ஓட முடியாது, இல்லையா? அப்போ அந்த ஜன்னல்கள் இருக்கிற நேர்கோட்டுப் பாதையில இழுவை நூலுக்கு வேலையே இல்லை. துளையை அதே பாதையில, திறந்த ஜன்னலோட அகலத்தைவிடச் சின்னதா, ரெண்டு கம்பிக்கும் சரி நடுவுல போட்டா டிராக்கோட பலத்துல நாம பெருசா கை வைக்கலை. திறந்த ஜன்னலை அச்சு மாதிரி அட்டையில வரைஞ்சு, மூடின இடத்துல வச்சு சாக்பீஸால குறிச்சுட்டுத்தான் மெஷினைத் தொடணும்.

'கம்பெனிக்காரன் சதுரமாத்தானே வச்சிருக்கான், நானும் கத்தியால சதுரமா வெட்டறேன்'னு கிளம்பிடாதீங்க. அச்சுல வார்த்த ஜன்னலுக்கு மூலை மழுங்கலா, கிளிப்போட காவலோட இருக்கும். நீங்க கத்தியால வெட்டின மூலை கூரா இருக்கும். அழுத்தம் எல்லாம் அந்தக் கூர் முனையில போய் குவியும். 1954-ல் ரெண்டு காமெட் ஜெட் விமானங்கள் நடுவானத்துல உடைஞ்சு விழுந்துச்சு. ஆராய்ச்சி பண்ணினப்போ உலோக உடம்புல இருந்த திறப்புகளோட மூலைப் பக்கம் விரிசல் கிளம்பியிருந்தது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் விமான ஜன்னல் மூலைகளை எவ்வளவு வளைவா வைக்கறாங்கன்னு அடுத்த தடவை கவனிங்க. ரப்பருக்கும் அதே விதிதான். வட்டத் துளைக்கு மூலையே கிடையாது, பிரச்னையும் குறைவு. ஓரத்துல பிசிறு இருந்தா உப்புத் தாள் போட்டு வழவழன்னு ஆக்கிடணும்.

எத்தனை துளை? 121 இன்ச் நீளம், 2.52 இன்ச் பிட்ச் உள்ள டிராக்னா ஒரு சுத்துக்கு 48 பிட்ச். மூணுக்கு ஒண்ணு திறந்திருந்தா ஒரு பக்கத்துக்கு 32 மூடியிருக்கும், ரெண்டு பக்கத்துக்கு 64. ஒண்ணுக்கு அஞ்சு நிமிஷம்னாலும் அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஞாயித்துக்கிழமை காலி! பாதியில போரடிச்சு ஒரு பக்கம் மட்டும் முடிச்சுட்டு விடற வேலை ஆகாது. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், ஏன்னா இந்த டிராக் 60 கிலோமீட்டர் வேகத்துல வினாடிக்கு அஞ்சு சுத்துக்கு மேல சுத்தும்.

இப்ப என் சொந்தக் கருத்து. எடுத்தவுடனே போரரைத் தூக்காதீங்க. வெட்டின ரப்பரைத் திரும்ப வளர்க்க முடியாது. டிராக் வாரன்டியும் அந்த நிமிஷமே டாட்டா காட்டிடும். மொதல்ல டிராக் டென்ஷனைப் பாருங்க. ரொம்ப இறுக்கமா இருந்தா ஸ்லைடர் மேல தேவையில்லாத சுமை. டிராக் கோணலா ஓடுதான்னு பாருங்க. ஒரு பக்க ஸ்லைடர் மட்டும் தேயுதுன்னா வில்லன் அலைன்மென்ட்தான், அதுக்கு 64 துளை போட்டும் பிரயோஜனம் இல்லை. அடுத்து ஐஸ் ஸ்க்ராச்சர். ரெயில்ல தொங்குற, ஸ்பிரிங் மாதிரி வளைஞ்ச ஸ்டீல் கம்பிகள். வண்டி போகும்போது ஐஸைக் கீறிக்கிட்டே வரும். கீறின தூள் ஸ்லைடர் மேலயும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மேலயும் தெறிக்கும். நம்ம ஒரு ஸ்பூன் கணக்குக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பழைய மாடல் கம்பிகளைத் தூக்கிக் கட்டிடணும், இல்லைன்னா வளைஞ்சிடும். கூடுதலா ரெண்டு போகி வீல் போட்டா சுமையில ஒரு பங்கைச் சக்கரம் வாங்கிக்கும். இதெல்லாம் செஞ்சும் ஸ்லைடர் உருகுதுன்னா, டிராக்ல நிஜமாவே மூடின ஜன்னல் இருந்தா, அப்போ கார்க் போரர்.

கேம்பஸ் மக்களுக்கு ஒரு தகவல். இந்த மாதிரி வண்டியைக் குடைஞ்சு மாத்துறதுக்குன்னே அமெரிக்காவுல காலேஜ் போட்டி நடத்தினாங்க. நம்ம பசங்க பாஹா பக்கிக்கு வெல்டிங் அடிக்கறாங்களே, அதை நடத்துற எஸ்.ஏ.இ. குடும்பம்தான் இதுக்கும் பின்னால. 2000-ல் க்ளீன் ஸ்னோமொபைல் சேலஞ்ச்னு ஆரம்பிச்சுது. 2003-ல் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகம் இருக்கிற ஹாட்டன் பக்கம் போச்சு. புகையும் சத்தமும் குறையணும், பெட்ரோலும் மிச்சமாகணும். எல்லா டீமும் எஞ்சினைத்தானே மொதல்ல பார்க்கும்? ஆனா எஞ்சின் கொடுக்கற பவர்ல ஸ்லைடர் உரசல் தின்னுற பங்கை நாம இப்பதான் கணக்குப் போட்டோம்.

துளை போட்ட டிராக்கை மாட்டினதும் ஒரேயடியா நீளப் பயணம் கிளம்பிடக் கூடாது. தூள் பனி இருக்கிற இடத்துல வீட்டைச் சுத்தி கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டிட்டு, எஞ்சினை அணைச்சு, சாவியை எடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தணும். டிராக்கைக் கையால சுத்திக்கிட்டே ஒவ்வொரு துளையோட ஓரத்தையும் விரலால தடவிப் பார்க்கணும். நகம் மாட்டுற அளவுக்கு ஒரு கீறல் தெரிஞ்சாலும் அந்தத் துளைக்குப் பக்கத்துல சாக்பீஸ் குறி போட்டுட்டு, அடுத்த ஓட்டத்துல அது வளர்ந்திருக்கான்னு பார்க்கணும். வளர்ந்திருந்தா அந்த டிராக்கை ஏரிப் பக்கம் கொண்டு போகவே கூடாது. ஸ்லைடர்லயும் தேய்மானக் கோடு ஒண்ணு போட்டிருப்பாங்க. அந்தக் கோடு மறைஞ்சுடுச்சுன்னா துளை எத்தனை இருந்தாலும் பட்டையை மாத்தியே ஆகணும், ஏன்னா அடுத்து ஸ்டீல் கிளிப் உரசப் போறது அலுமினிய ரெயில்லதான்.